தொழுவமும் தொழிலாளியும்

(கேரித் தீவில் கூடிய தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில், ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி ஒருவர் நிகழ்த்திய உரை)



எனக்கு முன் பேசிய தோழர்கள் சம்பளத்தைப் பற்றிப் பேசினார்கள். வீட்டுரிமையைப் பற்றிப் பேசினார்கள். ஓய்வு பெற்றவர்கள் லயத்தைக் காலி செய்யும் கொடுமையைப் பற்றியும் பேசினார்கள். எல்லாரும் எல்லாவற்றையும் பேசி முடித்த பிறகு எனக்கு மிஞ்சியிருப்பது மாடு. ஆகவே நான் மாட்டைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பின்வரிசையில் சிலர் சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். ஆனால், மாட்டுப்பால் விற்ற காசில் பள்ளிக்கூடம் போனவர்கள் கை தூக்குங்கள் என்று தலைவர் கேட்டால், என் கைதான் முதலில் உயரும்.

நான் பிறந்தது கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில். அதன் பெயர் இப்போது எதற்கு? அந்த இடத்தில் இன்று தோட்டமும் இல்லை, மரமும் இல்லை, வரிசை வரிசையாகக் கல்வீடுகள் நிற்கின்றன. என் தகப்பனார் மரம் வெட்டினார். தாயாரும் மரம் வெட்டினார். வீட்டில் நாங்கள் ஐந்து பிள்ளைகள். லயத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு தொழுவம். அதில் இரண்டு பசுக்கள். தாயார் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பால் கறப்பார். ஐந்தரை மணிக்குப் பெரட்டு. பெரட்டுக்குப் போகுமுன் பாலைப் போத்தல்களில் ஊற்றி என்னிடம் கொடுத்துவிடுவார். நான் டிரசர் வீட்டுக்கும், கிராணிமார் வீடுகளுக்கும், கடைத்தெருக் காப்பிக் கடைக்கும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். காலையில் மாட்டுப்பால், பகலில் மரத்துப்பால், மாலையில் மறுபடியும் மாட்டுப்பால். என் தாயாரின் கை பால் வாடை இல்லாமல் இருந்த நேரம் கிடையாது. இரண்டு பாலுக்கும் வாடை வேறு, அவ்வளவுதான்.

ரப்பர் வெட்டியவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். மழை பெய்தால் பட்டை நனையும். பட்டை நனைந்தால் மரம் வெட்ட முடியாது. வெட்டாத நாளுக்கு அந்தக் காலத்தில் சம்பளம் கிடையாது. பெரட்டுக்குப் போய் நின்றுவிட்டு, வானத்தைப் பார்த்துத் திரும்பி வரவேண்டியதுதான். அடைமழை மாதங்களில் இப்படி எத்தனை நாள் போகும் என்று கணக்குப் பாருங்கள். அது போதாதென்று, ஆண்டுத் தொடக்கத்தில் இலையுதிர் காலம் வரும். மரம் மொட்டையாக நிற்கும். மங்கில் பால் பாதிக்குப் பாதி குறையும். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் உலை கொதித்தது என்றால் அது பசுவினால்தான். மழைக்குப் பசு லீவு போடுவதில்லை. இலையுதிர் காலமும் அதற்குத் தெரியாது. கடைக்காரர் எங்களுக்குக் கடன் கொடுத்ததுகூடத் தோட்டத்துச் சம்பளத்தை நம்பி அல்ல. தொழுவத்தில் இரண்டு மாடு நிற்கிறது என்று தெரிந்துதான் கொடுத்தார்.

ஐந்தாம் படிவப் பரீட்சைக்கு நான் பணம் கட்ட வேண்டியிருந்தபோது ஒரு கிடாரியை விற்றார்கள். அந்தக் கிடாரிக்கு நான்தான் பெயர் வைத்தேன், நான்தான் புல் அறுத்துப் போட்டேன். அதை லாரியில் ஏற்றியபோது நான் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். தாயார் வந்து, “என்னடா, அது போனால்தானே நீ போகலாம்?” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நான் கிராணியானேன். இது என் வீட்டுக் கதை மட்டுமல்ல. இங்கே உட்கார்ந்திருக்கும் எத்தனையோ பேருடைய மகளின் தாலியும், மகனின் சைக்கிளும், தகப்பனின் ஆஸ்பத்திரிச் செலவும் தொழுவத்திலிருந்து வந்தவைதாம்.

நம் முன்னோர் இந்த நாட்டுக்குக் கப்பலேறி வந்தபோது மண்வெட்டியோடு மட்டும் வரவில்லை. அவர்கள் உழவுக் குடிகள். மாட்டின் மொழி தெரிந்தவர்கள். இந்தியாவிலிருந்து மாடுகளும் கப்பலில் வந்தன. அவை ஒன்றோடொன்று கலந்து பெருகிய கால்வழியைத்தான் இன்றைக்குக் கால்நடை இலாகாக்காரர்கள் ‘உள்நாட்டு இந்தியப் பால்மாடு’ என்று தங்கள் புத்தகங்களில் எழுதுகிறார்கள். மலாய்க் கிராமத்து மாட்டுக்குக் ‘கெடா–கிளந்தான்’ என்று பெயர். அது இறைச்சிக்கும் உழவுக்கும் ஏற்ற சின்ன மாடு. பால்மாட்டின் பெயரில் ‘இந்திய’ என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அது யாரால்? ஏதாவது ஆராய்ச்சிப் பண்ணையினாலா? இல்லை. லயத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, சம்பளமில்லாத நேரத்தில் புல் அறுத்து, அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த தோட்டத்து ஆண் பெண்களால். இந்த நாட்டுக்கு நாம் ரப்பர் கொடுத்தோம் என்று எல்லா மேடையிலும் சொல்கிறோம். ஒரு மாட்டினத்தையும் கொடுத்தோம் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். (பட்டணத்தில் பால் விற்றவர்களில் பஞ்சாபிகளும் வடநாட்டவர்களும் நிறையப் பேர் இருந்தார்கள். நம்மவர்கள் அவர்களையெல்லாம் ‘வங்காளிப் பால்காரர்’ என்பார்கள். வங்காளத்துக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தமோ, அது வேறு கதை!)

மேய்ச்சல் நிலம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மாட்டை வைத்துக்கொள்வது ஏதோ துரையின் கருணை என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியல்ல. வெள்ளைக்காரர் ஆட்சியில், 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தொகுப்பிலேயே, குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்குப் பயிரிடவோ மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்று எழுதப்பட்டிருந்தது. நம் மீது இருந்த பாசத்தால் எழுதவில்லை. தொழிலாளி தோட்டத்தை விட்டு ஓடிவிடாமல் இருக்கவும், கூலியை உயர்த்தாமலே அவன் வயிறு நிறையவும் அது வழி என்று கண்டுதான் எழுதினார்கள். ஆனாலும் எழுதினார்கள்.

பதினாறில் ஒரு பங்கு ஏக்கர் என்றால் எவ்வளவு? கிராணி புத்தி, கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. முந்நூறு கிலோ எடையுள்ள ஒரு பசு, தன் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது நாளொன்றுக்கு முப்பது கிலோ பச்சைப்புல் தின்னும். ஆண்டுக்கு ஏறத்தாழ பதினோரு டன். நேப்பியர்ப் புல்லை நன்றாக எருப்போட்டு வளர்த்து, காலம் தவறாமல் அறுத்தால், ஒரு ஏக்கரில் ஆண்டுக்கு நாற்பது ஐம்பது டன் எடுக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினாறில் ஒரு பங்கில் மூன்று டன் கிடைக்கும். ஆக, சட்டம் கொடுத்த நிலத்தில் ஒரு குடும்பம் கால் மாடுதான் வளர்க்க முடியும். அதாவது மாட்டின் ஒரு கால்தான் அதில் நிற்கும். மீதி மூன்று காலை எங்கே வைப்பது என்று சட்டம் எழுதியவர் சொல்லவில்லை. அந்த மூன்று காலும் இத்தனை ஆண்டுகளாகத் தோட்டத்து நிலத்தில்தான், ரப்பர் மரங்களுக்கு இடையிலும், வாய்க்கால் ஓரத்திலும், சாலை ஓரத்திலும் நின்று வந்திருக்கின்றன. துரைமார்கள் பார்த்தும் பாராமல் இருந்தார்கள். தகராறு எல்லாம் அந்த மூன்று காலில்தான் வருகிறது.

ரப்பர்த் தோட்டமாக இருந்தவரை தகராறு சின்னது. முதிர்ந்த ரப்பர்க் காட்டில் மாடு புகுந்தால் மங்கைத் தட்டிவிடும், பட்டையை உரசும். மண்டோர் வந்து சத்தம் போடுவார். மாட்டுக்காரக் கிழவரைத் திட்டுவார். எங்கள் தோட்டத்தில் அப்படி ஒரு கிழவர் இருந்தார். மாட்டுக்கு இவ்வளவு என்று மாதக் கூலி வாங்கிக்கொண்டு லயத்து மாடுகளையெல்லாம் ஒன்றாக ஓட்டிப் போவார். ஆட்டை மட்டும் சேர்த்துக்கொள்ள மாட்டார். “ஆடு திருட்டுப் பிறவி, ரப்பர்க் கன்றின் பட்டையை உரித்துத் தின்றுவிடும், நான் பதில் சொல்ல முடியாது” என்பார். அவர் சொன்னதையே பிற்காலத்தில் ஆராய்ச்சிக்காரர்களும் சொன்னார்கள். ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1970களிலும் 1980களிலும் ரப்பர் மரங்களுக்கு அடியில் செம்மறி ஆடு மேய்த்துப் பார்த்தது. கன்றுகள் இரண்டு மூன்று ஆண்டு வளர்ந்த பிறகு செம்மறியை விட்டால் அது களையைத் தின்னும், மரத்தைத் தொந்தரவு செய்யாது, எருவும் போடும் என்று கண்டார்கள். வெள்ளாடு வேண்டாம் என்றார்கள். எங்கள் கிழவருக்கு யாரும் பட்டம் கொடுக்கவில்லை!

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. இந்தத் தீவையே பாருங்கள். கேரி என்ற ஆங்கிலத் தோட்டக்காரரின் பெயரைத் தாங்கிய இத்தீவு, கடல் தண்ணீர் உள்ளே வராமல் கரை கட்டி, மதகு வைத்து, வாய்க்கால் வெட்டி உண்டாக்கப்பட்ட நிலம். அந்தக் கரையையும் வாய்க்காலையும் வெட்டிய கைகளில் நம் முன்னோர் கைகளும் உண்டு. இன்று கண்ணுக்கு எட்டிய தூரம் செம்பனைதான். செம்பனைக் கன்று தரையோடு தரையாக நிற்கும். அதன் குருத்தை மாடு கடித்தால் கன்று போயிற்று. மறுநடவு நடக்கும் தோட்டங்களில் “மாடுகளை இத்தனை நாளுக்குள் அப்புறப்படுத்த வேண்டும்” என்று நோட்டீசு ஒட்டுகிறார்கள். நாட்டின் பல மாநிலங்களில் இந்தக் கதை நடந்திருக்கிறது, இன்னும் நடக்கிறது. இருபது முப்பது ஆண்டு மாடு வளர்த்தவனுக்கு முப்பது நாள் தவணை! முப்பது நாளில் விற்கப் போனால் வாங்க வருகிறவனுக்கும் அது தெரியும். ஐயாயிரம் வெள்ளி மாட்டை இரண்டாயிரத்துக்குக் கேட்பான்.

இங்கே நான் நிர்வாகத்தின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். இளங்கன்றை மாடு அழிப்பது உண்மை. ஈரக் களிமண்ணில் கூட்டங் கூட்டமாக மிதித்தால் மண் இறுகும் என்பதும் உண்மை. கடற்கரை மீது மாடு ஏறி ஏறி இறங்கினால் கரை சரியும். கரை சரிந்தால் உப்புத் தண்ணீர் வருவது துரை பங்களாவுக்கு மட்டுமல்ல, லயத்துக்கும்தான். நம்மவர்களிலும் சிலர் இருபது மாடு, முப்பது மாடு என்று சேர்த்து, கட்டாமல் அவிழ்த்துவிட்டு, இரவில் சாலையில் படுக்கவிட்டு, மோட்டார் சைக்கிளில் வந்த பையன் மோதிச் செத்தபோது “அது என் மாடு இல்லை” என்று சொன்னதும் உண்டு. அப்படிப்பட்டவருக்காக வாதாட நான் இங்கே வரவில்லை. காதில் அடையாள எண் போட மறுப்பவர்கள் இப்படிப்பட்டவர்களே. எண் இல்லாத மாட்டுக்கு உரிமையும் இல்லை.

ஆனால் முதிர்ந்த செம்பனையில் மாடு மேயக்கூடாது என்பதற்கு என்ன நியாயம்? ஐந்தாறு வயதான மரத்தின் மட்டை மாட்டின் வாய்க்கு எட்டாது. கீழே முளைக்கும் புல்லும் கொடியும் தோட்டத்துக்குக் களை; மாட்டுக்கு அது சாப்பாடு. மின்வேலி போட்டு ஒரு பகுதியில் மாட்டை அடைத்து மேய்த்து, மறுநாள் அடுத்த பகுதிக்கு மாற்றி, ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து முதல் பகுதிக்குத் திரும்பி வருவது என்ற முறையை இந்த நாட்டின் பெரிய தோட்டங்களே செய்து பார்த்திருக்கின்றன. மலேசியச் செம்பனை வாரியமும் அதை ஊக்குவித்து எழுதியிருக்கிறது. களை எடுக்கும் செலவு கணிசமாகக் குறைகிறது என்பதே அவர்கள் கண்ட முடிவு. பழக்குலையை இழுக்க எருமை வண்டி பூட்டிய செம்பனைத் தோட்டங்களும் உண்டு. ஆக, கம்பெனி வளர்த்தால் அது ‘ஒருங்கிணைந்த கால்நடைத் திட்டம்’, தொழிலாளி வளர்த்தால் அது தொல்லை! மாடு ஒன்றுதான், தோழர்களே, கயிற்றைப் பிடித்திருக்கும் கைதான் வேறு.

களை என்றதும் இந்தக் கூட்டத்திலுள்ள தாய்மார்களைப் பார்த்துச் சில வார்த்தை சொல்ல வேண்டும். மாடு தின்னாத களையை யார் அழிக்கிறார்கள்? நீங்கள்தான். முதுகில் மருந்துப் பம்ப்பைச் சுமந்து, வரிசை வரிசையாக மருந்தடித்தவர்கள் பெரும்பாலும் நம் பெண்கள். பாராகுவாட் என்ற விஷத்தின் பெயர் இங்கே தெரியாதவர் இல்லை. நகம் கறுத்து உதிர்ந்ததும், மூக்கில் இரத்தம் வந்ததும், கண் எரிந்து பார்வை மங்கியதும் நீங்கள் அனுபவித்தவை. அந்த மருந்தை நிறுத்தப் போகிறோம் என்று அரசாங்கம் 2002இல் அறிவித்தது. 2006இல் மறுபடியும் தளர்த்திவிட்டது. கடைசியில் 2020ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்துதான் தடை வந்தது. இடையில் போன ஆண்டுகளை யார் திருப்பிக் கொடுப்பார்கள்? ஒன்று போனாலும் வேறு மருந்துகள் இன்றும் அடிக்கப்படுகின்றன. மாடு மேய்ந்த அளவுக்கு மருந்தடிப்பது குறையும். மாட்டுக்கு மேய்ச்சல் கேட்பது மாட்டுக்காரனின் கோரிக்கை மட்டுமல்ல, மருந்தடிக்கும் பெண்ணின் கோரிக்கையும் அதுதான். இதைப் பேச்சுவார்த்தை மேசையில் இப்படி வைத்துக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. கேட்க வேண்டும். அத்துடன், எந்தப் பகுதியில் எந்த நாளில் மருந்தடிக்கிறார்கள் என்று முன்கூட்டியே லயத்தில் அறிவிக்கும்படியும் கேட்க வேண்டும். மருந்தடித்த புல்லில் மாட்டை விட்டுவிட்டு, மறுநாள் அந்தப் பாலைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

இன்றைய நிலையில் மாடு கட்டுபடியாகுமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதை வைத்துக்கொண்டு பேசுவோம். வீட்டில் இரண்டு நாட்டுப் பசு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கன்றுக்கும் வீட்டுக்கும் போக, பசுவுக்கு இரண்டு லிட்டர் வீதம் நாலு லிட்டர் விற்கலாம். லிட்டர் ஆறு வெள்ளி என்றால் நாளைக்கு இருபத்து நாலு, மாதத்துக்கு 720. ஆகா என்று எழுந்துவிடாதீர்கள். பசு ஆண்டு முழுவதும் கறக்காது. ஏழு மாதம் கறவை, மீதி வற்றுக் காலம். ஆகவே சராசரி மாதம் 420. புண்ணாக்கு, தாது உப்பு, மருந்து என்று 120 போனால் 300 வெள்ளி நிற்கும். உங்கள் உழைப்புக்குக் கூலி இதில் சேரவில்லை. பெரிய பணமா? இல்லை. ஆனால் மூன்று ஆண்டில் இரண்டு பசுவும் நாலு கன்று போட்டால், அதில் ஒரு காளை ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானுக்கு மலாய் அண்டை வீட்டாரிடம் பல ஆயிரத்துக்குப் போகும். தைப்பூசத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் பால்குடத்துக்கு நல்ல பால் தேடி வருகிறவர்கள் விலை பேசுவதில்லை. முனியாண்டி பூசைக்கு ஆட்டுக்கிடாய் கேட்டு வருகிறவர்களும் அப்படித்தான். தொழிலாளிக்கு பாங்கியில் போட்ட பணத்தைவிடத் தொழுவத்தில் கட்டிய பணம் நல்லது என்று என் தாயார் சொல்வார். பாங்கிப் பணத்தைக் கணவன்மார்கள் எடுத்துக் குடித்துவிடலாம், மாட்டைக் குடிக்க முடியாது என்பார். இதற்குத் தாய்மார்கள் கை தட்டுகிறீர்கள்!

இந்த இடத்தில் ஒரு பழைய வேலை நிறுத்தத்தை நினைவுபடுத்துகிறேன். 1941இல் நம் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கச் சொல்லாதே என்று கேட்டார்கள். தலைவர் ஆர். எச். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். துப்பாக்கிக் குண்டுக்கும் நம்மவர் பலியானார்கள். அது நம் சரித்திரம், உங்களுக்குத் தெரியும். ஐந்து ஆண்டு கழித்து, 1946 சனவரியில், குசராத்தில் கைரா மாவட்டத்தில் இன்னொரு நிறுத்தம் நடந்தது. அங்கே பம்பாய்க்குப் பால் அனுப்பும் உரிமை போல்சன் என்ற ஒரே நிறுவனத்திடம் இருந்தது. விலையை அந்த நிறுவனமும் தரகர்களும் வைத்ததே விலை. வல்லபாய் பட்டேலிடம் போய் முறையிட்டார்கள். கூட்டுறவுச் சங்கம் வையுங்கள், அதற்கு இடம் கொடுக்காவிட்டால் பாலை விற்காதீர்கள் என்றார் அவர். சமர்க்கா என்ற ஊரில் கூடித் தீர்மானம் செய்தார்கள். பதினைந்து நாள் ஒரு சொட்டுப் பால் பம்பாய்க்குப் போகவில்லை. நாம் பால் வெட்ட மறுத்தோம். அவர்கள் பால் விற்க மறுத்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. திரிபுவன்தாஸ் பட்டேல் தலைவர். தொடக்கத்தில் இரண்டு கிராமச் சங்கம், நாளைக்குச் சுமார் 250 லிட்டர் பால். 1949இல் குரியன் என்ற கேரளத்து இளைஞர் அங்கே போய்ச் சேர்ந்தார். பிறகு அதுதான் அமுல். 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சியின் மாதிரியும் அதுவே. 1990களின் இறுதிக்குள் உலகத்திலேயே அதிகப் பால் உற்பத்தி செய்யும் நாடாக இந்தியா ஆயிற்று. அந்தப் பால் பெரிய பண்ணையிலிருந்து வரவில்லை. ஒரு மாடு, இரண்டு மாடு வைத்திருந்த வீடுகளிலிருந்து, காலையும் மாலையும் தூக்குப் பாத்திரத்தில் வந்தது.

நம் நாட்டிலும் 1970களிலிருந்து கால்நடை இலாகா பால் சேகரிப்பு நிலையங்கள் வைத்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து சாகிவால்–பிரீசியன் கலப்பு மாடுகளைக் கொண்டுவந்தது. அவற்றிலிருந்து ‘மாபிரிவால்’ என்ற கலப்பினத்தையும் உண்டாக்கியது. நல்ல முயற்சிதான். ஆனால் நிலையம் இலாகாவுக்குச் சொந்தம். பால் கொடுத்தவனுக்கு அதில் குரல் குறைவு. கைராவில் நிலையமே பால்காரனுக்குச் சொந்தம். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் பெரிய வித்தியாசம். இலங்கையில் நுவரெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டங்களிலும் நம் தமிழ்த் தொழிலாளர்கள் லயத்தோரம் பசுக் கட்டிப் பால் விற்கிறார்கள். 2021, 2022ஆம் ஆண்டுகளில் அந்த நாட்டில் பால்மாவுக்கு மக்கள் வரிசையில் நின்றபோது, தொழுவம் வைத்திருந்தவன் வீட்டுப் பிள்ளை வரிசையில் நிற்க வேண்டியிருந்திருக்காது.

வீட்டுடைமைத் திட்டத்துக்கும் மாட்டுக்கும் உள்ள சம்பந்தத்தைச் சொல்லாமல் போனால் என் பேச்சு பாதிதான். கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனை தோட்டங்கள் பட்டணமாகிவிட்டன! இன்றைய ஷா ஆலாம் ஒரு காலத்தில் சுங்கை ரெங்கம் தோட்டம். புத்ராஜெயா எழுந்த இடம் பிராங் புசார் முதலிய தோட்டங்கள். அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்கள் டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டன. இத்தீவிலும் துறைமுகம் வரப்போகிறது என்று பல ஆண்டுகளாகப் பேசுகிறார்கள். தோட்டம் மூடும்போது நட்ட ஈட்டுப் பேச்சில் என்னென்ன எழுதுகிறோம்? எத்தனை வருடச் சேவை, எவ்வளவு சம்பளம், எத்தனை பிள்ளை. தொழுவம் அந்தத் தாளில் வருவதில்லை. மாதம் முந்நூறு வெள்ளி கொடுத்த சொத்து, காய்கறித் தோட்டம், அதற்கு எரு, எல்லாம் கணக்கில் பூச்சியம். நாலாவது மாடியில் பசுவை எங்கே கட்டுவது? படியேறத் தெரிந்த பசு இன்னும் பிறக்கவில்லை. ஆகவே நட்ட ஈட்டுக் கணக்கில் மாட்டு வருமானத்தையும் சேர்க்க வேண்டும். மாற்றுக் குடியிருப்பு தரும்போது பொது மேய்ச்சலுக்கும் தொழுவத்துக்கும் ஒரு துண்டு நிலம், கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில், தர வேண்டும். 60 வயதில் வேலை முடிந்து வீட்டையும் காலி செய்யும் தொழிலாளிக்கு அடுத்த பத்து ஆண்டை ஓட்ட வேறு என்ன தொழில் இருக்கிறது? அவன் கற்ற தொழில் இரண்டு. மரம் வெட்டுவது ஒன்று, அது போயிற்று. மாடு வளர்ப்பது மற்றொன்று.

இனி, நாம் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நேரமாகிறது, தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். கோமாரிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் தடுப்பூசி போடாமல் மாடு வைத்திருப்பது பக்கத்து வீட்டானுக்குச் செய்யும் துரோகம். 2021இல் மாடுகளுக்குத் தோல் கழலை நோய் இந்த நாட்டுக்குள் வந்தது. ஈயும் கொசுவும் பரப்புகிற நோய். தொழுவத்தில் சாணத்தை நாட்கணக்கில் குவித்து வைக்காதீர்கள், காய்கறிக் குழியில் போட்டு மூடுங்கள். பாலைக் காய்ச்சாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். மாட்டுக்கு இருக்கும் கருச்சிதைவு நோய் பச்சைப் பால் வழியாக மனிதனுக்கும் வரும். செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு மாட்டுக்கு நல்ல தீவனம், விலையும் மலிவு. ஆனால் அதையே செம்மறி ஆட்டுக்கு வயிறு நிறையப் போடாதீர்கள். அதிலுள்ள செம்புச் சத்து ஈரலில் தங்கி ஆட்டைக் கொன்றுவிடும். பசுவுக்குச் சினைப் பருவம் இருபத்தொரு நாளுக்கு ஒரு முறை வரும். ஒரு முறை தவறவிட்டால் இருபத்தொரு நாள் பாலை இழந்தீர்கள் என்று அர்த்தம். வெறும் நாள்காட்டியில் ஒரு கோடு போட்டு வைத்தால் போதும்.

கடைசியாகக் கிராணிமார்களுக்கு. நம் வேலை எழுதுவது. இன்றைக்கு எந்தத் தோட்டத்தில் எத்தனை மாடு, எத்தனை குடும்பம் என்று கேட்டால் சங்கத்திடம் கணக்கில்லை; நிர்வாகத்திடம் இருக்கிறது. நோட்டீசு வரும்போது அவர்கள் எண்ணோடு வருகிறார்கள், நாம் கண்ணீரோடு போகிறோம். வாசலில் மேசை மேல் ஒரு தாள் வைத்திருக்கிறேன். வீட்டு எண், கறவை எத்தனை, கிடாரி எத்தனை, காளை எத்தனை, ஆடு எத்தனை, காதில் எண் உண்டா இல்லையா, தடுப்பூசி போட்ட மாதம் எது, மேய்ப்பது எங்கே, மாதம் விற்கும் பால் எவ்வளவு என்று கட்டம் போட்டிருக்கிறது. படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு இளைஞர்கள் எழுதிக் கொடுங்கள். சாலையில் படுக்கிற மாட்டுக்குச் சொந்தக்காரரும் வந்து எழுத வேண்டும். இரண்டு மாட்டை ஒன்று என்று குறைத்து எழுதுகிறவர்கள், நட்ட ஈடு வரும்போதும் ஒன்றுக்குத்தான் வாங்குவார்கள். அடுத்த மாதக் கிளைக் கூட்டத்துக்கு முன் அந்தக் கணக்கைச் செயலாளரிடம் ஒப்படைக்கிறேன்.